நாலாவது கல்

‘கீய்ய்ங்’ என்று கூரையிலிருந்து ஒரு மணி அலறியது. அடுத்த நொடி கடையின் கண்ணாடிக் கதவு ‘டக்’கென்று தானாகப் பூட்டிக்கொண்டது. அதுவரை வாசலில் நின்றபடியே அரைத் தூக்கம் போட்டுக்கொண்டிருந்த காவலாளி, திடுக்கென்று ஒரு அடி வளர்ந்துவிட்ட மாதிரி நிமிர்ந்தார்.

“யாரும் எந்திரிக்காதீங்க. கால நகத்தாதீங்க. கைய எல்லாரும் மேஜை மேல வச்சுக்குங்க,” என்றார் வைரக் கடைக்காரர். மேஜைக்கு அடியில் இருந்த பொத்தானை முழங்காலால் அழுத்தி மணியை அலறவிட்டவரும் அவர்தான்.

மேஜை மேல் கறுப்பு வெல்வெட் தட்டு. அதில் ஐந்து குழிகள். நாலு குழியில் வைரம். ஒன்று காலி.

சின்னு கைகளை மேஜை மேல் வைத்தாள். இடது மோதிர விரலில், அளவு பார்க்கக் கடைக்காரர் மாட்டிவிட்ட இரும்பு வளையம் இன்னும் இருந்தது. இந்த அமைதி அவளுக்குப் புதிதில்லை. அவள் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். வயிற்றைத் தைத்து மூடும் நேரத்தில் பஞ்சுத் துணி ஒன்று குறைகிறது என்று அவள் சொன்னால், பெரிய டாக்டர்கூட ஊசியைக் கீழே வைத்துவிட்டு இப்படித்தான் சிலையாக நிற்பார்.

“என்ன ஆச்சு? எதுக்கு இப்படி ஊரைக் கூட்டுறீங்க?” என்றாள் அத்தை. சின்னுவுக்கு அடுத்த மாதம் மாமியார் ஆகப்போகிறவள்.

“நாலாவது கல்லக் காணோம் மேடம்.”

நாலாவது கல். சின்னு மனசுக்குள் தேர்ந்தெடுத்து வைத்திருந்த கல்.

முக்கால் மணி நேரம் முன்பு நாலு பேரும் இந்தக் கடைக்குள் நுழைந்தபோது எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. நிச்சயதார்த்த மோதிரத்துக்குக் கல் பார்க்க வந்திருந்தார்கள். சின்னு கேட்டது குஷன் கட். சதுரம்தான், ஆனால் நாலு மூலையும் மழுங்கி, ஓரங்கள் லேசாக உப்பி, குட்டித் தலையணை மாதிரி இருக்கும். கூர் மூலை வைத்த எதுவும் அவளுக்கு ஆகாது. வேலை நேரத்தில் மோதிரம் போடவே முடியாது, கழற்றிக் கழற்றி மாட்ட வேண்டும், துணியிலும் கையுறையிலும் மாட்டிக் கிழிக்காத கல்லாக இருக்கட்டும் என்பது அவள் கணக்கு.

“குஷன் தைக்கிறவர் பொண்ணுக்கு குஷன் கட்! பொருத்தமாத்தான் இருக்கு,” என்று அத்தை சிரித்தாள். சின்னுவின் அப்பா கார்களுக்கும் சோபாக்களுக்கும் குஷன் தைப்பவர். முப்பது வருஷமாக அதே தொழில்.

அப்பாவும் சேர்ந்து சிரித்தார். “ஆமா சம்பந்தி அம்மா, உறையும் நானே தச்சுக் குடுத்துடுறேன்.” சின்னு சிரிக்கவில்லை. இந்த மாதிரிச் சிரிப்பு இது எத்தனையாவது என்று அவள் எண்ணி வைத்திருந்தாள். ஏழாவது.

வரிசையாக உட்கார்ந்தார்கள். முதலில் அத்தை, பக்கத்தில் மாப்பிள்ளை, அடுத்து சின்னு, கடைசியில் அப்பா. உட்கார்ந்ததும் அத்தை கைப்பையைத் திறந்து ஒரு குழாயைப் பிதுக்கி, இரண்டு கையிலும் வழவழவென்று கிரீம் தேய்த்துக்கொண்டாள். “இந்த ஏசிக்கு என் கை வெடிச்சுப் போயிடும்.”

“மேடம், கல்ல மட்டும் கையால எடுக்காதீங்க. இடுக்கியில எடுங்க,” என்றார் கடைக்காரர். “வைரத்துக்கு எண்ணெய்ப் பசைன்னா உயிரு. ஒட்டிக்கும்.”

“நான் பாக்காத வைரமா?” என்று அத்தை மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மூன்றாவது கல்லைக் கையாலேயே எடுத்தாள். ஐந்திலும் அதுதான் பெரிது. “இதுதான். நாலு பேரு பாத்தா கண்ணு கூசணும். என்னடா சொல்றே?”

மாப்பிள்ளை அம்மாவைப் பார்த்தார், சின்னுவைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார். “எல்லாமே நல்லாத்தான் இருக்கு,” என்றார்.

அவர் எப்போதும் அப்படித்தான். யார் மனசும் நோகக் கூடாது. அத்தைக்குப் பித்தப்பை ஆபரேஷன் நடந்த அன்று தியேட்டர் வாசலில் மூன்று மணி நேரம் நின்று, வெளியே வந்த ஒவ்வொருவரிடமும், “அம்மாவுக்கு வலிக்காதில்ல?” என்று கேட்டவர். ‘அம்மாவையே இப்படித் தாங்குகிறவர் பெண்டாட்டியை எப்படித் தாங்குவார்’ என்று சின்னு மயங்கியது அங்கேதான்.

அப்பா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, தட்டு மேல் குனிந்தார். பட்டறையிலிருந்து நேராக வந்தவர். எத்தனை தேய்த்துக் கழுவினாலும் நகக்கண்ணில் மஞ்சள் பசை போகாது. “நான் தொடலப்பா. என் கை பசை,” என்று அவரே சொல்லிவிட்டார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, “இந்தப் பெருசு இருக்கே... அதுல ஒரு மூலை இழுத்து தச்ச மாதிரி இருக்குங்களே,” என்றார் தயங்கித் தயங்கி.

கடைக்காரர் லென்ஸை எடுத்து வைத்துப் பார்த்தார். புருவம் ஏறியது. “அட, ஆமாங்கய்யா! ஒரு மூலை மத்த மூணை விடக் கூரா இருக்கு. லென்ஸ் இல்லாம எப்படிப் பாத்தீங்க?”

“தெனமும் நாலு மூலைதானேங்க நமக்குப் பொழப்பு. ஒண்ணு கோணுனா கஸ்டமர் ஏறி உக்காந்ததும் திட்டுவான்.”

கடைக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். சின்னுவுக்கு உச்சி குளிர்ந்தது. அத்தைக்கு மட்டும் முகம் சுண்டிப் போயிற்று. தான் எடுத்த கல்லை ஒரு சீட்டு தைக்கிற ஆள் குறை சொல்வதா? மூன்றாவதைக் குழியில் போட்டுவிட்டு நாலாவதை விரலால் எடுத்து, மறு கையில் லென்ஸை எடுத்துக்கொண்டாள்.

அதன் பிறகு நடந்தவை அரை நிமிஷத்துக்குள் நடந்தவை. “இன்னும் ஒரு கல் இருக்கு, காட்டுறேன்,” என்று கடைக்காரர் முதுகைத் திருப்பிப் பெட்டகத்தைத் திறந்தார். அப்பா சின்னுவுக்கு மூலை எப்படிக் கோணுகிறது என்று மூன்றாவது கல்லை முகவாயால் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். அத்தைக்கு செல்போன் அடித்தது. கடைக்காரர் திரும்பினார். தட்டைப் பார்த்தார். முழங்காலால் பொத்தானை அழுத்தினார்.

காவலாளி டார்ச் அடித்துக் கம்பளத்தில் தவழ்ந்தார். நாற்காலி மடிப்பில் எல்லாம் விரலை விட்டுத் துழாவினார். ஒவ்வொருவராக எழுந்து உடையை உதறினார்கள். கல் இல்லை. கடைக்காரர் கேமரா திரையைப் பார்த்தார். அதில் அத்தையின் கொண்டையும் அப்பாவின் வழுக்கையும்தான் தெரிந்தன. தட்டு அவற்றுக்கு அடியில் எங்கோ இருந்தது.

“மேடம், நாலாவதக் கடைசியா நீங்கதான்...”

“நான் எடுத்தேன், பாத்தேன், அப்பவே தட்டுல வச்சிட்டேன். அதுக்கப்புறம் அவருதானே மூக்கு தட்டுல இடிக்கிற மாதிரி குனிஞ்சு பாத்துட்டிருந்தாரு?” அத்தை குரலைத் தாழ்த்தினாள். தாழ்த்தியும் கடை முழுக்கக் கேட்டது. “தப்பா எடுத்துக்காதீங்க. அவரு பாக்கெட்ட ஒரு தடவ பாத்துடுங்க. கையெல்லாம் பசை வேற. அவருக்கே தெரியாம ஒட்டிக்கிட்டு வந்திருக்கும்.”

சின்னு சட்டென்று அத்தை பக்கம் திரும்பினாள்.

“அத்தை! அப்பா கல்லத் தொடவே இல்ல. கை பின்னாடி கட்டியிருந்தாரு.”

“நான் என்ன இல்லேன்னா சொன்னேன்? பாத்துட்டா அவருக்கும் நிம்மதி, நமக்கும் நிம்மதி.”

கடைக்காரர் சங்கடத்துடன் அப்பாவைப் பார்த்தார். பணம் கொடுத்து வாங்குகிறவள் அத்தை. வருஷக்கணக்கான வாடிக்கை. எந்தப் பக்கம் பார்ப்பது என்று அவர் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. “ஐயா... ஒரு நிமிஷம்...”

“அதுக்கென்னங்க, பாத்துக்குங்க,” என்று அப்பாவே பாக்கெட்டைத் தலைகீழாக இழுத்துவிட்டார். துணிக் கோடு போடும் சாக்பீஸ் துண்டு. வளைந்த ஊசி ஒன்று. இரண்டு ஆணி. நூல் கண்டு. கசங்கிய பஸ் டிக்கெட். எல்லாவற்றையும் வைரத் தட்டுக்குப் பக்கத்தில் வரிசையாக அடுக்கினார். கஸ்டமரிடம் வேலையை ஒப்படைக்கிற அதே ஒழுங்கு.

“செருப்பு?” என்றார் காவலாளி.

அப்பா செருப்பைக் கழற்றினார்.

“பேண்ட் மடிப்பு?”

அப்பா குனிந்து இரண்டு காலிலும் மடிப்பைப் பிரித்து உதறினார். பட்டறைப் பஞ்சு கொஞ்சம் உதிர்ந்து கம்பளத்தில் விழுந்தது. அத்தை காலை இழுத்துக்கொண்டாள்.

“உள்ள ரூம்ல சட்டையையும் ஒரு தடவ கழட்டிப் பாத்துட்டா...” என்று இழுத்தார் காவலாளி.

“கூட நானும் வரேன்,” என்று சின்னு எழுந்தாள்.

“உக்காரு சின்னு. அப்பா என்ன சின்னப் பிள்ளையா?” என்று அவர் காவலாளியோடு உள்ளே போனார். வெறுங்காலோடு போனார்.

சின்னு மாப்பிள்ளையின் பக்கம் திரும்பினாள். அவர் தன் ஷூ நுனியையே முறைத்துக்கொண்டிருந்தார். கழுத்தில் வேர்த்திருந்தது. இந்த ஏசியில்!

“ஏதாவது சொல்லுங்களேன்.”

“கொஞ்சம் பொறு சின்னு. கெடச்சிடும்.”

“அது கெடைக்கிறது இருக்கட்டும். உள்ள எங்கப்பா சட்டையக் கழட்டிட்டு நிக்கிறாரு.”

“பதட்டப்படாத. கண்டிப்பா கெடச்சிடும்,” என்றவர், அம்மாவின் கைப்பை பக்கம் கையை நீட்டினார். “அம்மா, உங்க கண்ணாடியக் குடுங்களேன். தொடச்சுத் தரேன்.”

“இப்ப கண்ணாடி தொடைக்கிறதுதான் ஒனக்கு அவசரமா? சும்மா இருடா.” அத்தை கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டாள்.

அப்பா வெளியே வந்தார். “ஒண்ணும் இல்ல சார்,” என்றார் காவலாளி. அப்பாவின் சட்டைப் பொத்தான்கள் ஒன்று தள்ளி ஒன்று மாறிப் போட்டிருந்தன. ஒரு பக்கம் காலர் ஏறி, ஒரு பக்கம் இறங்கி நின்றது. முப்பது வருஷமாக ஒரு தையல் கோணாத மனுஷன்.

அந்தப் பொத்தானைப் பார்த்ததும் சின்னுவுக்குள் ஏதோ அறுந்தது. கோபம் வந்தால் சின்னுவின் குரல் உயராது. இறங்கும். தியேட்டரில் அந்தக் குரலுக்குப் பயப்படாத டாக்டர் இல்லை.

“இப்ப நான் எண்ணுறேன்,” என்றாள்.

“என்னம்மா?” என்றார் கடைக்காரர்.

“எங்க தியேட்டர்ல துணி காணாமப் போனா யாரு எடுத்தான்னு கேக்க மாட்டோம். யாரு ஏழை, யாரு கை அழுக்குன்னு பாக்க மாட்டோம். கடைசியா எந்தக் கையில இருந்துச்சு, அந்தக் கை அடுத்து எதத் தொட்டுச்சு. அவ்வளவுதான். கை போன வழியிலேயே போனா துணி கெடைக்கும். நாலாவது கல்ல எடுத்தது யாரு?”

“நான்தான். சொன்னேனே,” என்றாள் அத்தை எரிச்சலாக.

“எந்தக் கை?”

“இதென்ன கோர்ட்டா? வலது கை.”

“வலது கையில கிரீம் போட்டிருந்தீங்க. எடுத்தீங்க. அடுத்து என்ன செஞ்சீங்க?”

“லென்ஸ் வச்சுப் பாத்தேன்.”

“மூக்குக்கண்ணாடி போட்டுக்கிட்டா?”

அத்தை யோசித்தாள். “இல்ல. கண்ணாடியோட லென்ஸ் சரியாத் தெரியல. கண்ணாடியக் கழட்டுனேன்.”

“கல்லு வலது கையில. லென்ஸ் இடது கையில. கண்ணாடிய எந்தக் கையால கழட்டுனீங்க?”

கடைக்காரர் மெல்ல நாற்காலி நுனிக்கு வந்தார்.

“அப்ப போன் அடிச்சுது,” என்றாள் சின்னு. “போன எடுக்கப் பையத் திறந்தீங்க. அப்பவே கழட்டுன கண்ணாடிய அதோட தோல் கூட்டுல போட்டு மூடுனீங்க. அதுக்கப்புறம் நீங்க கண்ணாடி போடவே இல்ல. கூட்டை வெளிய எடுங்க அத்தை.”

“என்னையே சோதனை போடுறியா? கல்யாணம்கூட ஆகல, அதுக்குள்ள...”

“சோதனை போடல. எண்ணுறேன்.”

“டேய், கேட்டியா இவ பேசுறத?”

மாப்பிள்ளை மறுபடி ஷூ நுனிக்குக் குனிந்துகொண்டார்.

“சோதனைன்னா செருப்பக் கழட்டச் சொல்வாங்க அத்தை,” என்றாள் சின்னு. “உள்ள கூட்டிட்டுப் போய்ச் சட்டையக் கழட்டச் சொல்வாங்க. நான் உங்களக் கூட்டை மட்டும்தான் திறக்கச் சொல்றேன்.”

கடைக்காரர் இந்த முறை அத்தையைத்தான் பார்த்தார். “மேடம்... ப்ளீஸ்.”

அத்தை பையை வெடுக்கென்று திறந்தாள். தோல் கூட்டை எடுத்து மேஜை மேல் ‘பட்’டென்று போட்டாள். “பாத்துக்கோ! நல்லா பாத்துக்கோ!”

சின்னு கையால் தொடவில்லை. இடுக்கியை எடுத்தாள். கூட்டைத் திறந்தாள். கண்ணாடியைத் தூக்கி ஓரமாக வைத்தாள். அடியில், மஞ்சள் துடைக்கும் துணி மடிந்து கிடந்தது. அதன் ஒரு நுனியை இடுக்கியால் பிடித்து, புண்ணில் ஒட்டிய துணியை எடுக்கிற நிதானத்தில் மெல்லப் பிரித்தாள்.

கிரீம் பூசிய முகத்தோடு, மங்கலாக, நாலாவது கல் உட்கார்ந்திருந்தது.

கடைக்காரர் பொத்தானை மறுபடி அழுத்தினார். கதவு ‘டக்’கென்று திறந்துகொண்டது. அத்தை வாயில் கை வைத்தாள். “ஐயையோ! சத்தியமா எனக்குத் தெரியாது! எப்படி உள்ள போச்சு?”

தெரியாதுதான். அந்த முகத்தில் பொய் இல்லை. சின்னு அதையும் பார்த்தாள். ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, மனசு இளகவும் பார்த்தது.

ஆனால் அத்தை அதற்குள் சிரித்துவிட்டாள். “பாத்தியாடா, கல்லே நம்ம வீட்டுக்கு வரணும்னு பையில ஏறி உக்காந்திருக்கு! இதையே எடுத்துடுவோம். சின்னுவுக்கும் இதுதானே புடிச்சிருந்துச்சு?”

“அத்தை, அப்பாகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க.”

“என்னத்தச் சொல்றது? நான் என்ன அவரத் திருடன்னா சொன்னேன்? பாத்துடுங்கன்னுதானே சொன்னேன்? பாத்தாங்க, இல்ல. அவருக்கும் நல்ல பேருதானே?”

கடைக்காரர் மட்டும் எழுந்து வந்தார். “ஐயா, மன்னிச்சுக்குங்க. புத்தியக் கடன் குடுத்துட்டேன்.”

“பரவால்லங்க. உங்க பொருளு, நீங்க தேடித்தானே ஆகணும்?” என்று அப்பா சாக்பீஸ், ஊசி, ஆணி, நூல் என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். பஸ் டிக்கெட்டைக்கூட விடவில்லை. “நான் கெளம்புறேன் சின்னு. ஒரு சீட்டு பாதி தச்சபடி கெடக்கு. வண்டிக்காரன் வந்துடுவான்.”

சின்னு அவர் பின்னாலேயே வாசலுக்குப் போனாள். தெருவில் வெயில் அடித்தது. நடைபாதையில் ஜனங்கள் இடித்துக்கொண்டு போனார்கள். அவள் அப்பாவை நிறுத்தி, சட்டைப் பொத்தான்களை மேலிருந்து கீழாகக் கழற்றி, ஒவ்வொன்றாகச் சரியாக மாட்டினாள். அப்பா எங்கோ எதிர்க் கட்டிடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“கல்லு நல்ல கல்லு,” என்றார். “நாலு மூலையும் சமம். மனசுல எதையும் வச்சுக்காத.”

“வலிக்குதாப்பா?”

“எங்க?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் பஸ் நிறுத்தம் பக்கம் நடந்தார்.

மாப்பிள்ளை வெளியே வந்தார். “சின்னு, உள்ள வா. அம்மா ஒரு மாதிரி ஆயிட்டாங்க. நீ எல்லார் முன்னாடியும் அப்படிக் கேட்டிருக்க வேணாம். மாமாகிட்ட நான் வீட்டுக்கு வந்து பேசுறேன்.”

சின்னு அவரைப் பார்த்தாள். நல்ல முகம். யார் மனசையும் நோகடிக்காத முகம். கோழை என்று திட்டலாம், வாயடைத்துப் போனார் என்று மன்னிக்கலாம். இரண்டில் எது என்று அவள் தடுமாறிக்கொண்டிருந்தபோதுதான் அது உறைத்தது. கை போன வழியிலேயே போனவள், ஒரு கையை எண்ணாமல் விட்டிருக்கிறாள். அம்மாவின் கைப்பை பக்கம் நீண்ட கை. ‘கெடச்சிடும்’ என்று அடித்துச் சொன்ன வாய். கழுத்து வேர்வை.

இரும்பு வளையத்தைத் திருகினாள். விரல் வீங்கியிருந்தது, கழலவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். தோல் உரிந்து வந்தது. அதை அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

“எங்கப்பா உள்ள சட்டையக் கழட்டிட்டு நின்னப்ப, அம்மாகிட்ட கண்ணாடியத் தொடச்சுத் தரேன்னு கேட்டீங்களே. எதுக்கு?” இறங்கிய குரல். “பொய் சொல்லாம சொல்லுங்க.”

அவர் நிமிரவில்லை. வளையத்தை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

“கல்லு கூட்டுக்குள்ள விழுந்தத நான் அப்பவே பாத்துட்டேன் சின்னு... எல்லார் முன்னாடியும் சொன்னா, பாவம், அம்மாவுக்கு அசிங்கமா இருக்குமேன்னுதான்.”